புறவாசல் ஊற்று

அணை ஆபீஸ் ரெக்கார்டுப்படி நான் செத்து ஆறு மாதம் ஆகிறது. மே மாதம் பதினாலாம் தேதி, காலை பத்து ஐம்பது. காரணம், வெள்ளம். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் ஆபீஸ் பீரோவைத் திறந்து பார். வீட்டு எண் நாற்பத்தேழு, சுகிர்தா வைத்திலிங்கம், வயது ஐம்பத்திரண்டு, இறப்பு. செத்தவள் கையால் காபி குடிக்கப் பயமில்லை என்றால் உட்கார்.

பேர் என்ன சொன்னாய்? சமீமா. கடையநல்லூரா? நல்லது. வாசலில் நோட்டும் கையுமாக நின்றதைப் பார்த்து, கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பிள்ளை என்றுதான் நினைத்தேன். நீதான் புது இன்ஜினியரா! சரி, சரி. கரை வழியாக இறங்கினால் முள், வழுக்கல், அதனால் என் புறவாசல் வழியாகப் போய் அளவு எடுத்துக்கொள்ளலாமா என்கிறாய். எடுத்துக்கொள். மத்தியானத்துக்குள் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், நாளைக்கு அணை நிறைகிறது, மலர் தூவப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், எல்லாம் எனக்கும் தெரியும். மேடையில் மூன்றாவது நாற்காலி எனக்குத்தான். லேக் வியூ நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக நான்தான் செயலாளர்.

ஆனால் காபி ஆறுவதற்குள் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ. என்னைப் பற்றி உங்கள் ஆபீஸில் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? 'நாப்பத்தேழாம் நம்பர் வீட்டம்மாகிட்ட வாயக் கொடுத்துராத, உனக்கு முந்தி இருந்தவனக் கிளப்பிவிட்டதே அந்தம்மாதான்.' அப்படித்தானே? சிரிக்காதே. உண்மைதான். கிளப்பிவிட்டேன். ஏன் கிளப்பிவிட்டேன் என்று ஒருத்தராவது சொன்னார்களா?

இசக்கிராஜ் என்று பெயர். ஒல்லியாக, கழுத்து நீண்டு, சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு இஞ்ச் டேப். போன வருஷம் ஆவணியில் வந்து சேர்ந்தான். அவனுக்கு முந்தி இருந்தவர்களையெல்லாம் எனக்குத் தெரியும். ஜீப்பில் வருவார்கள், கரை மேலேயே ஒரு நடை நடப்பார்கள், 'நல்லாத்தான இருக்கு' என்பார்கள், இறங்கி டீ குடித்துவிட்டுப் போவார்கள். பதினாறு வருஷம் இந்த அணைக்குத் தொடர்ந்து 'திருப்தி' என்று மார்க் வந்திருக்கிறது. பதினாறு வருஷம்! எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் என் கையெழுத்துக்குக்கூட அப்படி வருஷா வருஷம் போட்டதில்லை.

இவன் வந்த மூன்றாம் மாதமே 'மோசம்' என்று எழுதிவிட்டான். உங்கள் ஃபாரத்தில் நாலு மார்க்காம். திருப்தி, பரவாயில்லை, மோசம், மகா மோசம். ப்ராக்ரஸ் கார்டு மாதிரி. எழுதினதோடு நிறுத்தினானா? எழுபத்திரண்டு அடி அணையில் ஐம்பத்தைந்து அடிக்கு மேல் தண்ணீர் நிறுத்தக் கூடாது என்று வேறு எழுதினான். விவசாயிகள் ஆபீஸ் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். அவன் பாட்டுக்கு இஞ்ச் டேப்பை இழுத்துக்கொண்டு கரையில் விரிசல் அளந்துகொண்டிருந்தான்.

சரி, என்னதான் சொல்கிறான், கேட்போம் என்று சங்கத்து மீட்டிங்குக்கு நான்தான் கூப்பிட்டேன். வந்தான். சாக்பீஸ் கேட்டான். சுவரில் படம் போட்டான். போன தீபாவளிக்கு வெள்ளையடித்த சுவர். அதைக்கூட மன்னித்தேன்.

"இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. அணை எப்படி இருக்குங்கறது ஒண்ணு. அது ஒடைஞ்சா கீழ யாரு போவாங்கறது இன்னொண்ணு. முதல்ல உள்ளது அணையோட உடம்பு. ரெண்டாவது உங்க தலை எண்ணிக்கை. அணையத் தங்கத்துல கட்டியிருந்தாலும், கீழ இருநூத்திப் பதினாலு வீடு இருக்க வரைக்கும் அது உயர் ஆபத்து வகுப்புதான்" என்றான்.

"அப்ப நாங்க வாரதுக்கு முந்தி?" என்று நான் கேட்டேன்.

"கடலைக்காடு மேடம். குறைந்த ஆபத்து. அணை மாறல. நீங்க வந்தீங்க, வகுப்பு மாறிட்டு."

கேட்டாயா? பத்திரம் பதிந்து, பிளான் வாங்கி, வீடு கட்டி, முருங்கை நட்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து, ஆபத்தே நீங்கள்தான் என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார். முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸில் இருந்த மனிதர், எவன் என்ன சொன்னாலும் ஆட்டுவார். ஆட்டினதோடு விடாமல், "லேக் வியூன்னு பேர் வச்சிருக்காங்க சார், மொட்டை மாடியில ஏறி நின்னாலும் எங்களுக்குக் கரைதான் தெரியுது, லேக்கே தெரியலயே" என்கிறார். அவன் உடனே, "எப்படி சார் தெரியும்? லேக் உங்க தலைக்கு மேலல்லா இருக்கு" என்கிறான். சபையே கொல்லென்று சிரிக்கிறது. என் சங்கம், என் மீட்டிங், என் வீட்டுக்காரர்.

இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா? வேண்டாமா? சரி.

மாசி மாதம் போர்டு வைத்தான். சிவப்பு போர்டு. 'அணை உடைப்பு வெள்ளப் பகுதி. சைரன் ஒலித்தால் பள்ளிக்கூட மேட்டுக்குச் செல்லவும்.' அம்புக்குறி வேறு. எங்கே வைத்தான் தெரியுமா? நகர் வாசலில், பிள்ளையார் கோயிலுக்கு நேர் எதிரே. அதே வாரம் எங்கள் ஹரிணியைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காரை விட்டு இறங்கும்போதே போர்டைப் படித்துக்கொண்டே இறங்கினாள். உள்ளே வந்து, கேசரியில் ஒரு வாய் எடுத்துவிட்டு, "பொண்ணுக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான். போனவர்கள் போனவர்கள்தான். ஹரிணி அடுக்களைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்க நின்றாள். அழுகிறாளாக்கும் என்று போய்ப் பார்த்தால், சிரிக்கிறாள். "அம்மா, அந்தப் போர்டுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வருத்தத்தைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ஒத்திகை. நான் செத்த கதை. சைரன் ஊதினால் எல்லோரும் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓட வேண்டுமாம். வீட்டைப் பூட்டக் கூடாதாம். அன்றைக்கு நான் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தேன். சைரன் ஊதுகிறது. புளிக்காய்ச்சலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால் அது என்ன கதி ஆகும் என்று உங்கள் சட்டத்தில் எழுதியிருக்கிறதா? எங்கள் வீட்டுக்காரர் மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிவிட்டார். "வாரியா?" என்று ஒரே ஒரு வார்த்தை. "நீங்க போங்க" என்றேன். போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பெல் அடிக்கிறது. கதவைத் திறந்தால் இவன். கழுத்தில் விசில், சட்டையெல்லாம் வேர்வை.

"மேடம், மணி பத்து அம்பது. பதினோரு நிமிஷம் ஆச்சு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"தண்ணி உங்க வீட்டுக்கு வர பதினோரு நிமிஷம். நீங்க செத்துட்டீங்க. எழுதிக்கிடுதேன்."

கையில் கரண்டியோடு நான் நிற்கிறேன். என் முன்னாலேயே எழுதுகிறான். எழுதிவிட்டு மூக்கை உறிஞ்சி, "வாசனை நல்லாருக்கு" என்கிறான். ஐநூற்றுச் சொச்சம் பேர் பிழைத்தார்கள். செத்தது ஆறு பேர். நாலு பேர் படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழங்கள், ஒருத்தர் காது கேளாதவர், ஆறாவது நான். பட்டியலைச் சங்கத்து நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினான். பிழைத்தவர்களில் வைத்திலிங்கம், செத்தவர்களில் சுகிர்தா. ஒரு மாதம் காய்கறிக்காரன்கூட என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரித்தான்.

விடுவேனா? பேனாவை எடுத்தேன். இங்கிலீஷில். சிஸ்டர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: மனுவென்றால் மூன்று பத்தி. முதலில் மரியாதை, அடுத்தது சங்கதி, மூன்றாவது மிரட்டல். ஆனால் மிரட்டலும் மரியாதை மாதிரியே இருக்க வேண்டும். பீதியைக் கிளப்புகிறார், உயிரோடு இருக்கிற பெண்களைச் செத்ததாக எழுதுகிறார், கசிவு கசிவென்று இல்லாததை எழுதி அணைக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறார். எல்லாம் எழுதினேன். ஐந்து பெரிய ஆபீசுக்கு நகல். நூற்றறுபது கையெழுத்து, ஒவ்வொரு படியும் நானே ஏறி வாங்கியது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை. "பேனா எழுதல" என்றார். தபால் ஆபீஸ்காரர் வீட்டில் எழுதாத பேனா!

இந்தக் கசிவு விஷயத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதை அளக்கத்தானே வந்திருக்கிறாய். என் காம்பவுண்டுக்குப் பின்னால், கரையின் காலடியில் ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டி வாயில் ஒரு தகடு, தகட்டில் முக்கோணமாக ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்குப் போகிறதோ, அதை வைத்து அணை எவ்வளவு கசிகிறது என்று சொல்லிவிடுவானாம். வாராவாரம் வந்து குத்த வைத்து உட்கார்ந்து எழுதுவான். எட்டு. ஒன்பது. பதினொன்று. "இத யாரும் தொட்டுராதீங்க மேடம், இது அணையோட நாடி" என்பான். நாடி பிடிக்க இவன் என்ன வைத்தியனா? அது ஊற்று, சமீமா. நல்ல ஊற்று. மனை விற்றவரே சொன்னார், 'இந்த நாப்பத்தேழுக்கு மட்டும் பின்னால ஊத்து இருக்கு மேடம், சித்திரையிலயும் வத்தாது' என்று. அதற்காகத்தான் மூலை மனை வேண்டாம், இதுதான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஊற்றைப் போய்க் கசிவென்று எழுதி, அதை வைத்து அணைக்கு 'மோசம்' போட்டால், நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஜூலை எட்டாம் தேதி கமிட்டி வந்தது. மூன்று பேர், இரண்டு ஜீப். பெரியவர் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் எழுதினது? கோர்ட்டு தீர்ப்பு மாதிரி இருக்கே" என்றார். எல்லோரும் இதே புறவாசல் வழியாகத்தான் போனார்கள். தகட்டில் அளவெடுத்தார்கள். எவ்வளவு தெரியுமா?

ஐந்து!

அவன் நோட்டில் போன வாரம் வரை பதினொன்று. இங்கே கண்ணெதிரே ஐந்து. "என்ன தம்பி இது?" என்றார் பெரியவர். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உட்கார்ந்தான், எழுந்தான், தகட்டைச் சட்டை முனையால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். மூன்று தடவை. ஐந்துதான். "சார், அணையில தண்ணி மட்டம் அப்படியேதான் இருக்கு. தானாப் பாதியாக் குறையாது. குறைஞ்சா அதுவும் நல்லதில்ல, வேற எங்கயோ வழி பாத்துட்டுன்னு அர்த்தம். ஒரு வாரம் டைம் குடுங்க சார், கண்டுபிடிச்சிருதேன்" என்றான்.

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கூடினாலும் மோசம், குறைஞ்சாலும் மோசமா? அந்த அணை உனக்கு என்னதான்ப்பா செய்யணும்?" என்றார். லெமன் ஜூஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் சிரித்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே சிரித்தேன். தெய்வமாகப் பார்த்துக் காட்டிக்கொடுத்தது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் மாற்றல் ஆர்டர். ராமநாதபுரம் பக்கம் ஏதோ கண்மாய்க்கு. ஆடியில் அங்கே ஆடு மேயுமாம், தண்ணீரே இருக்காதாம். நன்றாக அளக்கட்டும். போகிற அன்றைக்கு இங்கே வந்து நின்றான், நீ நின்ற அதே இடத்தில். "புறவாசல் வழியா ஒரே ஒரு தடவ போய்ப் பாத்துட்டுப் போயிரட்டுமா மேடம்?" "முள்ளு வழியாப் போ" என்றேன். இஞ்ச் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டான். "சரி மேடம். சைரன் கேட்டா அடுப்ப அணைச்சுட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசி வரைக்கும் திமிர்.

அப்புறம் என்ன, மார்க் 'பரவாயில்லை' ஆனது. ஐம்பத்தைந்து அடிக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஐப்பசி மழை பிடித்தது, இன்றைக்கு அறுபத்தெட்டு, நாளைக்கு எழுபத்திரண்டு. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை. கசிவாம், கசிவு.

குடித்துவிட்டாயா? டம்ளரை அங்கேயே வை. வா, கதவைத் திறக்கிறேன். பார்த்துக் காலை வை.

என் தோட்டத்தைப் பார்த்தாயா? இது பிச்சி, அது கனகாம்பரம். இந்த வாழை இரண்டும் இந்த வருஷம் வைத்தது, தார் எப்படித் தொங்குகிறது பார். புரட்டாசி வெயிலில்கூட நான் மோட்டார் போடாமல்... என்ன கேட்டாய்? தண்ணீர் எங்கிருந்தா? ஊற்றிலிருந்துதான். அதோ, காம்பவுண்டுக்கு அடியில் வருகிறதே குழாய், அது இந்தத் தோட்டத்துத் தொட்டியில் விழுகிறது, இங்கிருந்து எல்லாப் பாத்திக்கும் போகிறது. வேலுக்கண்ணு கொத்தனார் ஒரே நாளில் போட்டுக்கொடுத்தான்.

எப்போதா? ஜூலையில்தான். ஏழாம் தேதி. கமிட்டிக்கு முந்தின நாள். தகட்டைத் தாண்டி வருகிற தண்ணீர் இங்கே புறவாசலில் தேங்கி ஒரே சேறு. மெட்ராஸிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் சேற்றில் இறங்கி நிற்பதா? நம் நகருக்கு என்ன மரியாதை? அதனால் அந்தத் தகட்டுத் தொட்டியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு மூன்று இஞ்ச் குழாய் வைக்கச் சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருக்குமென்று மேலே கல் அடுக்கி, அதற்கு மேல் கொடி ஏற்றி மறைத்தேன். யார் கண்ணிலும் படாது. உன் கண்ணில் பட்டதா? இல்லையே.

தகட்டுக்கு எந்தப் பக்கமா? இந்தப் பக்கம். முந்தி. தண்ணீர் தகட்டுக்கு வருவதற்கு முந்தியே பாதி இங்கே வந்துவிடும். அதனால்தான் சேறு இல்லை. வந்தவர்கள் செருப்பு நனையாமல் நின்று ஜூஸ் குடித்தார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

இந்தத் தொட்டி நிறைவதற்கு எவ்வளவு நேரமா? இதெல்லாம் எதற்கு உனக்கு? ஜூலையில் குழம்புக்கு அரைத்து, கூட்டி, கொதி வந்து இறக்குகிற வரைக்கும் ஆகும். முக்கால் மணி என்று வையேன். தீபாவளி சமயம், சோறு வடிக்கிற நேரம். இப்போது அவ்வளவெல்லாம் வேண்டாம், குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நிறைந்து வழிகிறது. நல்ல மழை பார். ஏய், அதை எதற்கு எழுதுகிறாய்? அது என் அடுக்களைச் சமாச்சாரம்.

கையை ஏன் தொட்டிக்குள் விடுகிறாய்? அடியில் கிடக்கிறது வண்டல், நாலு நாளாகத்தான் வருகிறது. மைதா மாதிரி, நைசாக. இதுவரை வந்ததே இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கும். விரலில் தேய்த்து என்ன பார்க்கிறாய்? மண்தானே. சொல்லேன். வாயில் என்ன கொழுக்கட்டையா?

கரைக்குள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிற மண்ணா?

ஊற்று என்கிறேன். ஊற்றில் மண் வராதா? அணையில் தண்ணீர் ஏறினால் ஊற்றும் சேர்ந்து ஏறுமா என்று கேட்கிறாய். அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் இன்ஜினியரா? ஐம்பத்தைந்தில் முக்கால் மணி, அறுபதில்... இரு. இரு, பேசாதே. கொஞ்சம் பேசாமல் இரு.

அப்படியென்றால் அன்றைக்கு அந்த ஐந்து...

நீ வாயைத் திறக்காதே. எனக்குப் புரிகிறது. கான்வென்ட்டில் கணக்கில் நான் தொண்ணூற்றாறு.

அடை. குழாயை அடை. உன் துப்பட்டா எதற்கு, விடு, இந்தச் சாக்கைச் சுருட்டித் திணி. இன்னும் உள்ளே. அந்தக் கல்லை எடுத்து முட்டுக்கொடு. நான் பிடித்துக்கொள்கிறேன், நீ அங்கே போய்த் தகட்டைப் பார். என் சேலை நனைவதைப் பற்றி உனக்கென்ன? போ.

ஏறுகிறதா?

எவ்வளவு? எட்டா? எழுதாதே, இன்னும் ஏறும். நில். பதினொன்று. அவன் எழுதின பதினொன்று. ஐம்பத்தைந்து அடியில் பதினொன்று. ஏன் நிறுத்திவிட்டாய், படி. பதினாலு. பதினாறு. சரியாகக் குனிந்து பார், நிழல் விழுகிறது. நின்றுவிட்டதா? அசையவில்லையா?

பதினேழு.

ஏன் என்னையே பார்க்கிறாய்? என் முகத்தில் என்ன இருக்கிறது? அணையைப் பார். போனைப் போடு உங்கள் ஆபீசுக்கு. தண்ணீரைத் திறந்துவிடச் சொல்.

உங்கள் ஆபீசர் என்ன சொல்கிறார்? ஸ்பீக்கரில் போடு. போடு என்கிறேன்.

...மழைத்தண்ணீர் சேர்ந்து வருகிறதாமா? போன வாரம் ஐந்தரை, இந்த வாரம் பதினேழு என்று எழுதினால் மேலே சிரிப்பார்களாமா? போன வார அளவையே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், நாளைக்கு விழா முடியட்டுமாம், அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமாம். 'இன்னொரு இசக்கிராஜ் ஆயிராதம்மா.' கேட்டேன், கேட்டேன், காது எனக்கு நன்றாகவே கேட்கும். வைத்துவிட்டாரா?

அழாதே. அழுதால் எனக்குக் கோபம் வரும். மூக்கைச் சிந்திவிட்டு நோட்டை எடு.

அவர் கேட்பதும் ஒரு விதத்தில் சரிதான். ஒரே வாரத்தில் ஐந்தரை எப்படிப் பதினேழாகும்? எவன் நம்புவான்? நானே நம்பமாட்டேன். அதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் இதோ இங்கே கிடக்கிறது, மூன்று இஞ்ச் கனத்தில். அதை எழுது. என்ன முழிக்கிறாய்? என் பேரை எழுத வேண்டிவரும் என்கிறாயா? கேஸ் ஆகுமா? அணைக் கருவியில் கைவைத்தால் ஜெயில் வரைக்கும் போகலாமா? இதைச் சொல்ல இவ்வளவு தயக்கமா உனக்கு? நாளைக்கு மேடையில் மூன்றாவது நாற்காலியில் யார் உட்கார்ந்தால் எனக்கென்ன. நூற்றறுபது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன் நான். ஒவ்வொருத்தியும் வாசலுக்கு வந்து கேட்பாள். கேட்கட்டும். கேட்பதற்கு உயிரோடு இருக்கட்டும் முதலில்.

எழுது. நான் சொல்கிறேன். வீட்டு எண் நாற்பத்தேழு, சுகிர்தா, கணவர் பெயர் வைத்திலிங்கம். ஜூலை ஏழாம் தேதி, தகட்டுக்கு முந்தி, பக்கவாட்டில், மூன்று இஞ்ச் குழாய். தேதியைத் தெளிவாகப் போடு, கமிட்டிக்கு முந்தின நாள் என்றும் போடு. ஜூலை ஏழிலிருந்து இன்று வரை எடுத்த அளவு அத்தனையும் தப்பு என்று போடு. முக்கால் மணி, சோறு வடிக்கிற நேரம், மூன்று விசில். அதையும் போடு, சிரித்தால் சிரிக்கட்டும். நாலு நாளாக மண் வருகிறது. அதை முதல் வரியில் போடு.

காட்டு, பார்க்கிறேன். என்ன இது? 'அறியாமல்' என்று எழுதியிருக்கிறாய்? யாரைக் கேட்டு எழுதினாய்? அடி அதை. எனக்கு உதவி செய்கிறாயாக்கும்? அறியாமல் என்ன அறியாமல்? தொடாதீர்கள் என்று என் வாசலில் நின்று வாராவாரம் சொன்னான் ஒருத்தன். கேட்கவில்லை. அப்படி எழுது. 'சொல்லியும் கேட்கவில்லை.' ம். இப்போது சரி.

பேனாவைக் கொடு. கை ஈரம், அதனால் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது, பரவாயில்லை.

கீழே ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறதே. மார்க்கா? அது என் வேலையில்லை, உன் வேலை. என்னைப் பார்க்காமல் போடு. போட்டுவிட்டுப் படமெடுத்து, நான் மனு அனுப்பின அந்த ஐந்து ஆபீசுக்கும் இப்போதே அனுப்பு. நம்பர் எல்லாம் என்னிடம் இருக்கிறது.